சின்னக் குரல்களுக்குப் பெரிய இசை: ஹங்கேரியில் நடந்தது என்ன?

மேல்நாட்டு இசை சொல்லித் தரும் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளின் பாட்டு வகுப்பைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆசிரியை இடுப்பளவில் முஷ்டியை மடக்கிக் காட்டினால் பிள்ளைகள் 'டோ' என்று பாடுவார்கள். கை கொஞ்சம் மேலே ஏறி, உள்ளங்கை தரையைப் பார்த்துப் படுத்தால் 'மி'. இன்னும் மேலே போய், உள்ளங்கை அவரது மார்பைப் பார்த்து நின்றால் 'ஸோ'. வாயைத் திறக்காமல் கையாலேயே ஒரு முழு மெட்டைப் பாட வைத்துவிடுவார். இதைக் 'கோடாய் முறை' என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். ஹங்கேரியைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாயின் பெயர்தான் அது.

ஆனால் இந்தக் கைச்சைகை கோடாய் கண்டுபிடித்ததல்ல. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் உருவாக்கியது அது. கர்வெனுக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தவர் நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர். 'டா, டி-டி' என்று தாளத்தை வாயால் சொல்லும் பழக்கம் பிரான்ஸின் ஷெவேயிடமிருந்து வந்தது. சுரங்களுக்கு இப்படி அசை சூட்டிப் பாடுவதோ 11-ம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்த கிதோ என்ற துறவியின் காலத்துச் சங்கதி. அப்படியானால் கோடாய்க்குச் சொந்தமானது எது? பிள்ளைகள் பாடுவதற்காக அவர் எழுதிய பாட்டுகள். கைச்சைகை, தாள அசை போன்ற உத்திகளை எடுத்துக்கொண்ட உலகம் பாட்டுகளைப் பெரும்பாலும் ஹங்கேரியிலேயே விட்டுவிட்டது. கோடாய் பற்றிய பேச்சில் முதலில் திருத்த வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

கோடாய் 1882-ல் கெச்கெமெட் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே வேலை. அதனால் பிள்ளைப் பருவம் கலாந்தா, நாகிசொம்பத் என்று ஊர் ஊராகக் கழிந்தது. நாகிசொம்பத்தின் பெரிய தேவாலயத்துப் பாடகர் குழுவில் சிறுவனாகப் பாடியிருக்கிறார். 1905-லிருந்து கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாட்டுகளைச் சேகரிக்க ஆரம்பித்தார். அடுத்த வருடமே இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான பேலா பார்டோக்கும் அவரும் சேர்ந்து இருபது பாட்டுகளைப் பியானோ துணையிசையோடு பதிப்பித்தார்கள். மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியைச் சுமந்துகொண்டு இருவரும் அலைந்த அலைச்சல் பின்னால் எழுதிய எல்லாவற்றிலும் கேட்கிறது.

நகரத்துப் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே பாடப்பட்டவை பெரும்பாலும் ஜெர்மன் சாயல் மெட்டுகள், மேலே ஹங்கேரியச் சொற்களை ஒட்ட வைத்தவை. இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லானாலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். அதனால் அவர்களுடைய கிராமத்துப் பாட்டுகள் தாளத்தின் முதல் அடியிலேயே 'டக்'கென்று ஆரம்பிக்கும். ஜெர்மன் மெட்டுகளில் பல அப்படியில்லை. அடி விழுவதற்கு முன்பே ஒரு மெல்லிய அசையில் தொடங்கிவிடும். அதில் ஹங்கேரியச் சொல்லை உட்கார வைத்தால் சொல்லின் தலை அடி விழாத இடத்திலும் வால் அடி விழும் இடத்திலும் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, நம்மைப் போலவே அவர்களுக்கும் குறில், நெடில் மாறினால் பொருள் மாறும். நெடிலைக் குறுக்கியும் குறிலை இழுத்தும் பாடும் டப்பிங் பாட்டுகளைக் கேட்டு முகம் சுளித்த தமிழர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போய்த் தன் மொழியையே தப்பாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு வருகிறது என்பதுதான் கோடாயின் கோபம்.

அதோடு நாட்டின் நிலைமையும் சேர்ந்துகொண்டது. முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, 1920-ல் ட்ரியனோன் ஒப்பந்தத்தால் தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. கோடாய் வளர்ந்த கலாந்தாவும் நாகிசொம்பத்தும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போயின. பாட்டு மிகுந்த டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போனது. 1919-ல் சில மாதங்கள் நீடித்த புரட்சி அரசின் காலத்தில் இசைக் கல்லூரியில் பொறுப்பு வகித்தார் என்பதற்காகக் கோடாய் மீது விசாரணை நடந்தது. அந்த இருட்டிலிருந்து அவர் வெளியே வந்தது 1923-ல். புடா, பெஸ்ட் முதலான ஊர்கள் புடாபெஸ்ட் என்ற ஒரே நகரமாக இணைந்ததன் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு 'ப்ஸால்முஸ் ஹங்காரிகுஸ்' என்ற பெரிய படைப்பை எழுதினார். பின்பு அதை மறுபடி மேடையேற்றியபோது, பெரியவர்களின் குரலோடு ஒரு பள்ளியின் பையன்களும் சேர்ந்து பாடினார்கள். அந்தக் குரல்கள் கோடாயை உலுக்கிவிட்டன. 1925-ல் அதே பையன்களுக்காக இரண்டு பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். ஒன்று 'வில்லோ': குருத்தோலை ஞாயிறன்று கிராமத்துப் பெண் பிள்ளைகள் வைக்கோல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு குளிர்காலத்தை ஊரைவிட்டு விரட்டும் சடங்கின் பாட்டு. இன்னொன்று பாலாடைக்கட்டி தின்பவனைக் கேலி செய்யும் துள்ளல் பாட்டு. நாற்பது வயதைத் தாண்டிய, நாடறிந்த இசையமைப்பாளர் பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பாட்டு எழுதுவது அன்றைக்கு வழக்கமான காரியம் இல்லை.

அப்புறம் வரிசையாக வந்தன. அவற்றில் இரண்டை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம்.

முதலாவது, 1929-ல் எழுதிய 'கோயாநோட்டா', அதாவது நாரைப் பாட்டு. ஐரோப்பாவின் வெண்ணிற நாரைக்கும் கால் சிவப்பு, நம் செங்கால் நாரைதான். வசந்த காலத்தில் அது கிராமத்துப் புகைபோக்கிகளின் மேல் வந்து இறங்கும்போது பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேட்பார்களாம், உன் காலில் ஏன் ரத்தம் என்று. துருக்கிப் பையன் வெட்டிவிட்டான், ஹங்கேரியப் பையன் வைத்தியம் பார்க்கிறான், ஊதல் ஊதி, முரசு தட்டி, நாணல் தட்டையில் செய்த பிடில் வாசித்து. துருக்கியர் ஆட்சியின் நினைவு, பறவையின் காலுக்கு ஒரு காரணக் கதை, இசையாலேயே புண்ணை ஆற்றும் பழைய நம்பிக்கை என மூன்றும் நாலு வரிக்குள் இருக்கின்றன. இதைத்தான் கோடாய் எடுத்துக்கொண்டார். தெருவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் விரல்விட்டு எண்ணக்கூடிய சுரங்களின் ஓட்டத்தை மேடைக்குரிய சேர்ந்திசையாக வளர்த்தார். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உடம்பில் ஊறிய பாட்டு என்பதால் அதை அவர்களுக்குப் 'புரிய வைக்க' வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, 1927-ன் 'லென்யெல் லாஸ்லோ'. இது ஒரு விளையாட்டு. ஒரு கூட்டம் பாலத்தைக் கடக்க வேண்டும் என்கிறது. இன்னொரு கூட்டம் வழிமறித்து, நீங்கள் எந்த அரசனின் ஆட்கள் என்று கேட்கிறது. பேரம், மறுப்பு, மறுபடி பேரம். 'பூப்பறிக்க வருகிறோம்' விளையாட்டில் நம் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்று கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்களே, அதே அமைப்பு. பல குரல் இசைக்கு இதைவிடப் பொருத்தமான கரு கிடைக்காது, ஏனென்றால் பாடகர்கள் ஏற்கெனவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இன்னொரு கூட்டம் ஏன் வேறு மெட்டு பாடுகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. வாக்குவாதம் சூடாகச் சூடாக, குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

இங்கே இசையின் உள்வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகளுக்கு எழுதுவது எளிது என்ற எண்ணம் பலமாக இருக்கிறது.

ஆணும் பெண்ணும் கலந்த பெரியவர்கள் குழுவில் அடியில் கனத்த ஆண்குரல் இருக்கும். அது தரை மாதிரி. அதன்மேல் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் கட்டலாம். பிள்ளைகள் குழுவில் அந்தத் தரை கிடையாது. எல்லாக் குரல்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், நன்றாகப் பயின்ற பிள்ளைகளிடம்கூட மொத்தம் இரண்டு ஸ்தாயிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மூச்சும் குறைவு. பெரியவர்களுக்கு எழுதும் கெட்டியான சுர அடுக்குகளை இங்கே போட்டால் சத்தம் மெலிந்து சவசவ என்று இருக்கும். இன்னொரு கஷ்டமும் உண்டு: கீழ்க்குரல் பாடும் பிள்ளைக்கு ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை என்றாகிவிடும். பத்து வயதுப் பிள்ளை அதை எவ்வளவு நேரம் பொறுக்கும்?

ஆகவே ஒவ்வொரு குரலுக்கும் பாடத் தகுந்த ஒரு மெட்டு வேண்டும். எல்லா மெட்டும் நெருக்கமான இடத்துக்குள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போனாலும் உரசக் கூடாது. பெரிய வாத்தியக் குழுவுக்கு எழுதும்போது நிறத்தாலும் சத்தத்தாலும் குறைகளை மூடிவிடலாம். இங்கே மூட எதுவும் இல்லை.

கோடாய்க்குக் கைகொடுத்தது அவர் கிராமங்களில் கண்ட ஐந்து சுர மெட்டுகள். பழைய ஹங்கேரியப் பாட்டுகளில் பல நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களிலேயே நடக்கின்றன. மெட்டின் முன்பாதியை அப்படியே ஐந்து சுரம் கீழே இறக்கிப் பின்பாதியாகப் பாடுவது அவற்றில் பலவற்றின் அடையாளம். இந்த ஐந்து சுர அமைப்பில் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் அரைச்சுர இடைவெளி இல்லை. சின்னப் பிள்ளைகள் தடுமாறுவது அந்த அரைச்சுரத்தில்தான். அது இல்லாததால் இன்னொரு லாபமும் கிடைக்கிறது: இரண்டு குரல் எப்படி மோதினாலும் கடுமையாக உரசாது. சோதித்துப் பார்ப்பது சுலபம். மோகனத்தில் ஒரு சின்ன மெட்டை ஒருவர் பாட, இன்னொருவர் அதே மெட்டை அரை ஆவர்த்தனம் தள்ளி ஆரம்பிக்கட்டும். ஓரளவு அழகாகவே சேரும். அதையே தோடியில் செய்து பாருங்கள், காது கூசும்.

நமக்கு இதில் அக்கறை ஏற்பட வேறு காரணமும் இருக்கிறது. ஹங்கேரியக் கிராமத்துப் பாட்டு நம் பாட்டைப் போலவே ஒற்றை மெட்டுப் பாட்டு. பல குரலில் பாடும் வழக்கம் அதற்குள் இல்லை. அந்த ஒற்றைக் கோட்டிலிருந்து அதன் சுபாவம் கெடாமல் பல குரலை எப்படி விளைவிப்பது என்பதே கோடாயின் கேள்வி. சென்னையில் எம்.பி. சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை ஆரம்பித்துப் பாரதியின் பாட்டுகளைப் பல குரலுக்குப் பிரித்து அமைத்தபோது அவர் முன்னால் இருந்ததும் இதே கேள்விதான். ஹங்கேரியில் வேறுபாடு என்னவென்றால், அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் இடமாகப் பள்ளிப் பிள்ளைகளின் குழுவே ஆனது.

சுருதி விஷயத்துக்கு வருகிறேன். 1941-ல் கோடாய் 'சுத்தமாகப் பாடுவோம்' என்ற பொருளில் ஒரு சிறு புத்தகம் போட்டார். 107 பயிற்சிகள், எல்லாமே இரண்டு குரலுக்கு. வார்த்தை கிடையாது, தாளக் குறியும் கிடையாது. ஒரு குழு ஒரு சுரத்தைப் பிடித்திருக்க, இன்னொரு குழு அதைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த சுரத்துக்கு நகர வேண்டும். பிறகு இவர்கள் நிற்க, அவர்கள் நகர வேண்டும். பாட்டு வகுப்பில் பியானோவை வைத்துச் சுருதி பிடிக்கக் கூடாது என்பதில் அவர் கறாராக இருந்தார். காரணம் இருக்கிறது. பியானோவில் எல்லாச் சுரங்களும் சமமாகப் பங்கு போட்டு வைக்கப்பட்டவை. அதனால் அதன் அந்தர காந்தாரம் (அவர்களின் 'மி') இயல்பான காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு தூக்கலாக நிற்கும். தம்புராவின் ரீங்காரத்துக்குள் தானாகக் கேட்கும் காந்தாரத்தில் குரலை வைத்துப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஒரு குரல் இன்னொரு குரலுக்குத் தம்புராவாக இருக்க வேண்டும் என்பதே அந்த 107 பயிற்சிகளின் சாரம். பிள்ளை தன் குரலைவிடப் பக்கத்துப் பிள்ளையின் குரலை அதிகமாகக் கேட்கப் பழகுகிறது. இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம். ஒரு நல்ல ஆசிரியர் வேண்டும்.

அந்த ஆசிரியர் விஷயத்தில் கோடாய் 1929-லேயே ஒரு கட்டுரையில் போட்டு உடைத்துவிட்டார். ஓபரா அரங்கின் இயக்குநர் யார் என்பதைவிட, கிஷ்வார்தா என்ற சின்ன ஊரின் பள்ளியில் பாட்டு வாத்தியார் யார் என்பது மிக முக்கியம் என்றார். மோசமான இயக்குநர் தோற்றால் வெளியே போய்விடுவார். மோசமான வாத்தியாரோ முப்பது வருடம் உட்கார்ந்து முப்பது வகுப்புப் பிள்ளைகளுக்கு இசையின் மேல் உள்ள ஆசையைக் கொன்றுவிடுவார் என்பது அவர் கணக்கு. இசையமைப்பாளர்களையும் அவர் விடவில்லை. சின்னவர்களுக்கு எழுத முடியாத அளவுக்கு யாரும் பெரியவர் இல்லை, அதற்குப் போதுமான அளவு பெரியவராக ஆவதற்குத்தான் முயல வேண்டும் என்று எழுதினார். 1937-லிருந்து 1942-க்குள் 'பிசினியா ஹங்காரிகா' என்று நான்கு தொகுதிகளில் 180 இரு குரல் பாட்டுகளை எழுதினார். 1943-ல் சுரம் வாசித்துப் பழக 333 சிறு பயிற்சிகளை வெளியிட்டார்.

கோடாயின் சொல்லுக்குச் செவிசாய்த்தவர்களில் மிகப் பெரியவர் பார்டோக். 1935-ல் அவர் 27 சேர்ந்திசைப் பாட்டுகள் எழுதினார், இரண்டு குரலுக்கும் மூன்று குரலுக்குமாக. எட்டுச் சிறு நூல்கள்; முதல் ஆறு பிள்ளைகளுக்கு, கடைசி இரண்டு பெண்கள் குழுவுக்கு. சொற்கள் நாட்டுப்பாட்டிலிருந்து வந்தவை, மெட்டுகள் அவருடையவை. ஆனால் எது கிராமம், எது பார்டோக் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருக்கும். 16-ம் நூற்றாண்டு இத்தாலியின் பாலெஸ்த்ரினா குரல்களைப் பின்னிய விதத்தை ஊன்றிப் படித்துவிட்டு இதற்கு உட்கார்ந்தார் அவர். சோம்பேறிகளின் பாட்டும் ரொட்டி சுடும் பாட்டும் குதூகலமானவை. 'போகாதே' என்ற பாட்டும், வீட்டாருக்கு எழுதும் கடிதமாக வரும் பாட்டும் வேறு வகை. பிரிவையும் தனிமையையும் பிள்ளைகள் பாட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அவர்களுக்கு அந்தத் துக்கங்கள் தெரியாது என்று பாவனை செய்யவில்லை. குழந்தைப் பாட்டு என்றால் பூனை, நிலா, தோசை என்று மட்டுமே இருக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பாட்டுகளை அவசியம் கேட்க வேண்டும்.

1937-ல் ஒத்திகையில் இவற்றைப் பிள்ளைகளின் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்ட அனுபவத்தைப் பார்டோக்கே எழுதியிருக்கிறார். அதை வாழ்நாளில் மறக்க முடியாது என்கிறார். நகரத்தின் ஓரத்துப் பள்ளிகளில் படித்த அந்தப் பிள்ளைகள் இயல்பாகக் குரலை விட்ட விதம், கெட்டுப்போகாத கிராமத்துப் பாட்டை அவருக்கு நினைவுபடுத்தியதாம். பாராட்டை எளிதில் வாரி வழங்காத மனிதர் அவர். ஹங்கேரியைவிட்டு 1940-ல் அமெரிக்கா போய், ஊர் திரும்பாமலே 1945-ல் நியூயார்க்கில் இறந்தார்.

பாட்டு எழுதினால் மட்டும் போதாது, அது பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையைக் கோடாயின் மாணவர்கள் செய்தார்கள். லாயோஷ் பார்தோஷும் நண்பர்களும் 1931-ல் 'மயார் கோருஷ்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கி இந்தப் பாட்டுகளை அச்சிட்டார்கள். 1934-லிருந்து 'பாடும் இளைஞர்' என்ற பெயரில் பல பள்ளிகளின் குழுக்கள் ஒரே மேடையில் கூடிப் பாடும் விழாக்கள் நடந்தன. போட்டியும் பரிசும் இல்லாமல் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்பதும், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுவதுமே அவற்றின் ஏற்பாடு. பள்ளிகளுக்கு யெனோ ஆதாம் பாடநூல்கள் எழுதினார்.

போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் அரசின் காலம் நல்லதும் கெட்டதும் கலந்தது. 1950-ல் கெச்கெமெட்டில், கோடாய் பிறந்த அதே ஊரில், தினமும் பாட்டு வகுப்பு உள்ள முதல் தொடக்கப்பள்ளி ஆரம்பமானது. அதே 1950-ல் இந்த இயக்கத்தை வளர்த்த 'மயார் கோருஷ்' பதிப்பகத்துக்கு மூடுவிழா நடந்தது. ஆனாலும் பாட்டுப் பள்ளிகள் பெருகின. காலப்போக்கில் நூற்றைத் தாண்டின. 1954-ல் ஹங்கேரிய வானொலியின் பிள்ளைகள் குழு உருவாகி, இந்தப் படைப்புகளை ஒலிப்பதிவுகளாக வெளிநாடுகளுக்கும் கொண்டுபோனது. 1964-ல் உலக இசைக் கல்வியாளர்களின் மாநாடு புடாபெஸ்ட்டில் கூடியபோது வந்தவர்கள் பிள்ளைகள் பாடியதைக் கேட்டு அசந்துபோனார்கள். ஊருக்குத் திரும்பும்போது 'முறை'யை எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். கோடாய் 1967-ல் காலமானார். 2016-ல் யுனெஸ்கோ, நாட்டுப்பாட்டு மரபைக் காக்கும் நல்ல வழிமுறைகளின் பட்டியலில் கோடாயின் கோட்பாட்டைச் சேர்த்தது.

பாட்டுகள் ஏன் கூடவே போகவில்லை? மொழிதான் முதல் தடை. சொல்லின் அழுத்தத்தையும் குறில் நெடிலையும் வைத்தே நெய்த மெட்டை ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ மாற்றிப் பாடும்போது, ஜெர்மன் மெட்டுக்கு ஹங்கேரியச் சொல் ஒட்டியபோது நேர்ந்த அதே கேடு திரும்ப நேர்கிறது. ஆகவே கோடாயைப் பின்பற்ற விரும்பும் நாடு அவருடைய கைச்சைகையை எடுத்துக்கொள்வதோடு நிற்க முடியாது. தன் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாட்டைச் சேகரிக்க வேண்டும், பிறகு அந்த நாட்டின் மிகச் சிறந்த இசையமைப்பாளர்கள் உட்கார்ந்து அதை வைத்துப் புதிதாக எழுத வேண்டும். முதல் வேலையைப் பல நாடுகள் செய்தன. இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் நாரைப் பாட்டிலிருந்து தொடங்கலாம், சின்னப் பாட்டுதான். அடுத்து 'லென்யெல் லாஸ்லோ'; அதில் எந்தக் கூட்டம் எப்போது பேசுகிறது என்று பின்தொடர்ந்தாலே போதும், மொழி தடையாகாது. மூன்றாவதாகப் பார்டோக்கின் 'போகாதே'யைக் கேளுங்கள். முதல் தடவை மேல்குரலோடு போய்விட்டு, மறுதடவை கீழ்க்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால், அந்தப் பிள்ளைகளுக்கும் முழுதாகப் பாட ஒரு மெட்டு கொடுக்கப்பட்டிருப்பது தெரியும்.